லெஃப்ட் ஃப்ரீ

ஜெபத்துக்காக பியூலா கண்ணை மூடியதும் ஞானதுரை தன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டார். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் கோத்து, நெற்றியை அதில் சாய்த்து அவள் முணுமுணுக்கிற அந்தச் சின்ன இடைவெளிதான் அவருக்குத் தினமும் வாய்க்கிற தனிமை. பெற்ற மகள் ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து திருட்டு வேலை செய்வது என்றால் இதுதான். வலது உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்தினார். இடது கண்ணுக்குக் கேட்டின் தாழ்ப்பாள் தெரிந்தது, தாழ்ப்பாளைச் சுற்றி ஒரு சாண் கேட் தெரிந்தது, அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை. சரி, இது நேற்றும் இப்படித்தான். கையை மாற்றினார். வலது கண், நல்ல கண் என்று டாக்டரம்மா சொன்ன கண். தாழ்ப்பாளை விட்டுப் பார்வையை நகர்த்தாமல் இடது பக்கச் சுவரில் இருக்கும் கரண்டு மீட்டர் பெட்டி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், அதுதான் அவர் வைத்துக்கொண்ட பரீட்சை. நேற்று தெரிந்தது. தெரிந்த மாதிரி இருந்தது. இன்றைக்குப் பெட்டியைக் காணோம். மீட்டர் பெட்டியை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்! தலையைத் திருப்பினால் சாம்பல் நிறத்தில், மேலே பல்லி எச்சத்தோடு, இருந்த இடத்தில் இருக்கிறது. தாழ்ப்பாளுக்குத் திரும்பினால் போய்விடுகிறது. தெரிந்த மாதிரி இருந்தது என்பது தெரிந்ததா, நேற்றும் ஞாபகம்தான் பெட்டியை அங்கே மாட்டி வைத்ததா? ஆமென் என்றாள் பியூலா. அவரும் அவசரமாக ஆமென் என்றார். அவள் சாவியைத் திருப்பும்போது சொன்னாள்: "அப்பா, இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லாம ஓட்டுதேன்." அவர் அவள் பக்கம் திரும்பினார். "சொல்லாமன்னா?" "பாக்கதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே வாரேன்லா, அது வேண்டாம். டெஸ்ட்ல இன்ஸ்பெக்டர் பக்கத்துல உக்காந்திருக்கும்போது முன்னால ஆட்டோ, ஓரத்துல நாயின்னு சொல்லிக்கிட்டா இருப்பேன்? சிரிப்பாரு." நியாயமான பேச்சுதான். "சரிம்மா, எடு" என்றார்.

எடுத்துவிட்டாள். கிளட்சை மெதுவாகத்தான் விட்டாள், பழைய ஆல்டோ முனகாமல் கேட்டைத் தாண்டியது, வாசலில் திரும்பியது, முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குப் போனது. ஒரு சத்தமும் இல்லை. நல்ல கை. அவள் அம்மா வயலெட்டின் கை அது, நர்சின் கை, ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று மஸ்கட்டில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லாம் சொல்வதாக போனில் பெருமையடித்துக்கொள்வாள் வயலெட். ஞானதுரை ஹேண்ட் பிரேக்கின் மேல் வலது கையை வைத்துக்கொண்டார். அதுதான் சட்டம். பியூலாவுக்கு எல்.எல்.ஆர். வாங்கிய அன்றைக்கே அவர் அதைத் தேடிப் படித்திருந்தார். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், வண்டியைச் சட்டென்று நிறுத்த முடிகிற மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும், முன்னாலும் பின்னாலும் சிவப்பு எழுத்தில் எல் இருக்க வேண்டும். எல்லாம் இருக்கிறது. லைசென்சும் இருக்கிறது, இன்னும் சில வருஷத்துக்குச் செல்லும். அதில் ஒட்டியிருக்கும் போட்டோவில் இருப்பவனுக்கு நன்றாகக் கண் தெரிகிறது, மீசையை முறுக்கிக்கொண்டு நேராகப் பார்க்கிறான். டாக்டரம்மா என்ன சொன்னாள்? வண்டி ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள் என்று சொன்னாள். பக்கத்தில் உட்காரக் கூடாது என்று சொல்லவில்லையே! இந்தப் பாயிண்டைக் கண்டுபிடித்த அன்று அவருக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. உரக் கம்பெனிக்காக நாலு ஜில்லாவையும் காரில் அளந்தவன், கடைக்காரன் வேண்டாம் என்று சொன்ன இடத்திலிருந்தெல்லாம் ஆர்டர் வாங்கி வந்தவன், ஒரு கண் டாக்டரிடமா பாயிண்ட் கிடைக்காமல் போவேன்? இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் கூசுகிறது. இடது பக்கத்தில் தெரு போய்க்கொண்டிருந்தது. அதாவது போய்க்கொண்டிருக்க வேண்டும். பால் பூத், தையல்கடை, சபைப் பள்ளிக்கூடத்துச் சுவர். பால் பூத் வாசலில் எப்போதும் யாராவது சைக்கிளைக் குறுக்கே நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தியிருக்கிறார்களா? சொல்லேன், எம்மா, ஒரு வார்த்தை சொல்லேன். வண்டி கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கிப் போய்ப் பிறகு நேரானது. அப்படியானால் ஏதோ இருந்திருக்கிறது. சைக்கிளா, ஆளா, ஆடா? எதற்கு ஒதுங்கினாள் என்று தெரியாமலே ஒன்றைத் தாண்டி வந்தாயிற்று.

கறுப்பாக இருக்கும் என்றுதான் முன்பெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தார், குருடு என்றால் ஏதோ கறுப்புத் துணியைக் கட்டியது போல. கறுப்பாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், இந்தா இங்கே முடிகிறது என்று தெரியும். இது அப்படி இல்லை. முடிகிற இடமே தெரியாமல் முடிகிறது. காதுக்குப் பின்னால் என்ன நிறம் தெரிகிறது என்று கேட்டால் யாராவது சொல்ல முடியுமா, அந்த மாதிரி. காதுக்குப் பின்னால் இருக்க வேண்டியது மெல்ல முன்னால் வந்து, கன்னத்துக்கு வந்து, மூக்குக்கு வந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குள் அழுத்தம் என்றாள் டாக்டரம்மா. வலி உண்டா, இல்லை. சிவப்பு உண்டா, இல்லை. சத்தமில்லாமல் வந்து ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டு போகிற வியாதி, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பித்தானைக் கொடுத்து, நேராகவே பாருங்கள், எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அமுக்குங்கள் என்றார்கள். புள்ளி வந்தது, அமுக்கினார். வந்தது, அமுக்கினார். அப்புறம் வெகுநேரம் வரவேயில்லை. பரீட்சையில் பக்கத்துப் பையன் எழுதிக்கொண்டே இருக்க நாம் சும்மா இருப்பது போல ஒரு வெட்கம் வந்துவிட்டது. மெஷின் விட்டு விட்டு மெல்லிசாக ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, சபைக் கோயிலில் பாட்டுக்குத் தாளம் போட்ட கைதானே, அதை வைத்து ஒரு குத்துமதிப்பாக அமுக்கிக்கொண்டே போனார். முடிந்ததும் டாக்டரம்மா தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சார், இல்லாத வெளிச்சத்துக்கெல்லாம் அமுக்கியிருக்கீங்க." சின்ன வயசுதான், அதட்டவில்லை, பரிதாபமாகத்தான் சொன்னாள். "இது பாஸ் ஃபெயில் இல்ல சார். யாரை ஏமாத்துறீங்க?" அன்றைக்கு அந்தக் கிண்ணத்தை விட்டு எழுந்தவர் ஆஸ்பத்திரி வாசல் தூணில் இடது தோளை இடித்துக்கொண்டார். வீட்டில் நிலைப்படியில், ஆபீசில் பீரோ கதவில், கோயிலில் பெஞ்சு முனையில் என்று இடித்துக்கொண்டே வருகிறார். தோள் கன்னிப்போய்க் கிடக்கிறது. வேட்டி கட்டி முழுக்கை சட்டை போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

பாளையங்கால்வாய்க் கரை ரோட்டுக்கு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது, தண்ணீர் வாசம் வந்தது, பாசியும் சோப்பும் கலந்த வாசம். வலது பக்கம் கால்வாய். அது தெரிகிறது, வெயில் பட்டுக் கூசுகிறது. இடது பக்கம் வயல். வயல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், வயலில் கொக்கு நிற்கும் என்றும் தெரியும், கம்பெனி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிற வயலும் கொக்கும்தானே. பியூலாவை முதல்நாள் இந்த ரோட்டுக்குத்தான் கூட்டி வந்தார். அன்றைக்குத்தான் அந்தச் சட்டத்தைப் போட்டார், அரசாங்கம் போடாத சட்டம். "பாக்கது எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லணும், அப்பதான் கவனம் சிதறாது, அது ரூலு." அவளும் சொன்னாள். முன்னால் டிராக்டர். இடது பக்கம் ரெண்டு எருமை, ஒரு ஆள். ஒரு அம்மா குடத்தோடு. கல்லு கிடக்கு. அவள் சொல்லச் சொல்ல இடது பக்கம் எருமையும் குடமும் கல்லுமாக நிரம்பிக்கொண்டே வந்தது. அடேயப்பா, எவ்வளவு நாளாயிற்று அப்படி உலகத்தை முழுசாகப் பார்த்து! அவர் ஏதோ சொல்லிக்கொடுக்கிறவர் மாதிரி, ம், சரி, பாத்துப் போ, எருமை திடீர்னு திரும்பும் என்று போட்டுக்கொண்டே வந்தார். இதைவிடக் கேவலம் உண்டா? ஊருக்கெல்லாம் நடக்கிறதுதான், தகப்பன் மகளுக்கு வழி காட்டுவான், பிறகு ஒரு வயசுக்கு மேல் மகள் தகப்பனுக்குக் காட்டுவாள். ஆனால் அவளுக்குத் தெரியாமல் அவள் கண்ணை வாங்கிக்கொண்டு, அவளுக்கே காட்டுகிற மாதிரி நடிக்கிற தகப்பன் எங்கே இருக்கிறான்? சொல்லிவிட வேண்டும். சொல்லத்தான் போகிறார். எம்மா, அப்பாவுக்குக் கண்ணுல. இல்லை, அப்படி ஆரம்பித்தால் பிரேக்கைப் போட்டுவிடுவாள். எம்மா, வண்டிய ஒரு ஓரமா நிறுத்து, ஒரு விஷயம் சொல்லணும். விஷயம் என்றால் பயந்துவிடுவாள், அம்மாவுக்கு என்னமோ என்று நினைப்பாள். ஒண்ணுமில்லம்மா, வயசானா எல்லாருக்கும் வாரதுதான். எல்லாருக்கும் வருவதில்லை. அந்த இடத்தில்தான் எப்போதும் நூல் சிக்கிக்கொள்கிறது. அதற்கு மேல் போக முடியாமல் மறுபடியும் எம்மாவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும், அதை அவர் பாட்டுப் போலப் பாராமல் ஒப்பிப்பார். சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் மஸ்கட்டுக்குப் போன் போகும். வயலெட் அழ மாட்டாள், அவள் நர்ஸ், எந்தக் கண், எவ்வளவு பிரஷர், என்ன சொட்டு மருந்து, ஏன் இத்தனை மாசமா சொல்லலை என்று வரிசையாகக் கேட்பாள், கேட்டுவிட்டு டிக்கெட் போட்டு வந்துவிடுவாள். பியூலாவுக்குச் சென்னையில் கட்டிடக்கலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாசம் போக வேண்டும், பெட்டிகூட வாங்கியாயிற்று, நீல நிறப் பெட்டி. அந்தப் பெட்டி பரணுக்கு ஏறும். இங்கேயே ஒரு காலேஜ்ல சேர்ந்துக்கிடுதேன்பா என்பாள், முகத்தை நன்றாக வைத்துக்கொண்டு சொல்வாள், அதைத்தான் தாங்க முடியாது. அதனால்தான் சொல்லவில்லை என்று அவர் தனக்குச் சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொண்ட மறுநிமிஷமே, அட, பெரிய தியாகி வந்துட்டாரு என்று உள்ளே ஒரு குரல் நக்கலடிக்கும். தியாகம் பாதி என்றால் ரோஷம் பாதி. டிரைவிங் ஸ்கூலில் சேர்த்து விடுங்களேன் என்று அவள் கேட்டபோது, நான் இருக்கும்போது எதுக்கு இன்னொருத்தன் என்றாரே, அது தியாகமா? அவரிடம் வேறு என்ன இருக்கிறது பிள்ளைக்குக் கொடுக்க? தங்கமா, தோட்டமா? ஓட்டத் தெரிந்த கையும் காலும்தான் இருந்தது. அதுவும் போவதற்குள் கை மாற்றிவிட வேண்டும் என்று ஒரு வெறி. அப்போது நன்றாகத்தான் பட்டது. அணையப்போகிற அடுப்பில் கடைசியாக ஒரு சோறு வடித்து இறக்கிவிடலாம் என்பது போல. ஆனால் பிள்ளையை அடுப்புக்குப் பக்கத்தில் அல்லவா உட்கார்த்தி வைத்திருக்கிறாய், ஞானதுரை?

"அப்பா." திடுக்கிட்டார். "என்னம்மா?" "ஒண்ணுமில்ல. பேசாம வாரீங்களேன்னு." "நீதான சொல்லாம ஓட்டுதேன்ன." "நான்தான சொல்ல மாட்டேன்னேன். நீங்க சொல்லலாம்லா." அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். குரலில் என்னவோ இருந்தது, அவர் அதை எட்டிப் பிடிப்பதற்குள் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "நான் என்னத்தச் சொல்ல?" "ஏதாவது. சொல்லணும்னு இருந்தா." இதுதான் சமயம். எம்மா. ஆண்டவரே இதுதான் சமயம், வாயைத் திற. எம்மா, அப்பாவுக்கு. முன்னால் மெயின் ரோட்டின் ஹாரன் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. திருச்செந்தூர் ரோடு. அங்கே பேச்சுக் கொடுத்தால் பிள்ளை தடுமாறுவாள், ஏறித் திரும்பினபிறகு சொல்லலாம், ஏறித் திரும்பினதும் கண்டிப்பாகச் சொல்லிவிடலாம். "ஸ்லோ பண்ணு. மெயின் ரோடு வருது" என்றார். எல்லாரையும் போல ஒரு வாக்கியம்.

வண்டி மெயின் ரோட்டின் வாய்க்கு வந்து நின்றது. வலது பக்கம் திரும்ப வேண்டும். வலது பக்கத்தை ஓட்டுகிறவள் பார்ப்பாள், இடது பக்கத்தைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இதையும் அவர்தான் பழக்கியிருந்தார். லாரியில் கிளீனர் பார்த்துச் சொல்வான், அவர் ஓட்டப் பழகியதே மச்சானுடைய லாரியில்தான், கிளீனர் இசக்கி தலையை வெளியே நீட்டி, லெஃப்ட் ஃப்ரீ, போலாம் போலாம் என்று கதவில் தட்டுவான். அந்தத் தட்டல் கேட்டால் டிரைவர் திரும்பிப் பார்க்க மாட்டார், வண்டி போய்விடும். அவ்வளவு நம்பிக்கை. தூத்துக்குடி வரைக்கும் அந்த நம்பிக்கையில் போய் வந்திருக்கிறார்கள். பிறகு கார் வாங்கியபோது அந்த இடத்தில் வயலெட் உட்கார்ந்தாள், இடது பக்கம் ஒரு கோழி நின்றால்கூட, போகாதீங்க, நில்லுங்க என்று அவர் தொடையைக் கிள்ளுவாள். இடது பக்கத்து ஓரத்தில் ஒரு பெட்டிக்கடையும் அதை ஒட்டி எப்போதும் ஒரு லாரியும் நிற்கும், ஓட்டுகிற இடத்திலிருந்து தெரியாது, இந்த இருக்கையிலிருந்து முன்னால் சாய்ந்தால்தான் தெரியும். அவர் முன்னால் சாய்ந்தார். முழுத் தலையையும் திருப்ப வேண்டும், நாடி தோளில் படும்வரை திருப்பினால்தான் அந்தச் சின்ன ஓட்டைக்குள் ரோடு வரும். திருப்பினார். லாரியின் விளக்கு வந்தது. கொஞ்சம் நகர்த்தினார், கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் சரம் வந்தது. ரோடு எங்கே? ரோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டு நின்றான், எல் போர்டைப் பார்த்தால்தான் அவனுகளுக்கு அவசரம் வரும். "ரைட்டு ஃப்ரீப்பா" என்றாள் பியூலா. "லெஃப்ட்?" உள்ளே அந்தக் கிண்ணத்து மெஷின் சத்தம் போட்டது. கை அமுக்கியது. "லெஃப்ட் ஃப்ரீ" என்றார்.

வண்டி நகர்ந்தது. ஒரு வண்டி நீளம்கூட இருக்காது. நகர்ந்து, பலமாகக் குலுங்கி நின்றது, அவர் நெற்றி கண்ணாடியில் போய் முட்டியது, ஹேண்ட் பிரேக்கில் இருந்த கை சும்மா இருந்தது, அது இழுக்கவேயில்லை. இடது பக்கத்திலிருந்து வந்த ஒரு டி.வி.எஸ். ஐம்பது முன்னால் ஆடி ஆடிச் சென்று தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. பின்னால் கட்டியிருந்த வாழைத்தார் அவிழ்ந்து ரோட்டில் விழுந்து, சீப்பு சீப்பாகப் பிய்ந்தது. ஓட்டி வந்த ஆள் விழவில்லை. காலை ஊன்றி நின்றுவிட்டான். நின்றதும் வந்தான், வரும்போதே கத்திக்கொண்டு வந்தான். "ஏட்டி, எங்க பாத்துட்டி ஓட்டுத! நடு ரோட்டுல கொண்டுவந்து விடுத! என்னவே, பக்கத்துல குத்துக்கல்லு மாதிரி உக்காந்துகிட்டு என்னத்தவே பாத்தீரு? கண்ணு பொடதியிலயா இருக்கு? சொல்லிக்குடுக்க வந்தவனுக்குக் கண்ணு வேண்டாமாவே?" ஞானதுரை இறங்கினார். இறங்கி, மன்னிச்சிருங்க தம்பி, தப்புதான், என்று சொல்லிக்கொண்டே தாரைத் தூக்கப் போனார். பியூலா வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடிவந்து பழத்தைப் பொறுக்கத் தொடங்கியிருந்தாள். அவரும் குனிந்தார். கண்ணுக்கு நேராகக் கிடந்த ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு ஒரு அடி வைத்தார், இடது செருப்புக்கு அடியில் எதுவோ வழுக்கியது, கூழாயிற்று. காலை மாற்றி வைத்தார், மறுபடியும் மிதித்தார். மிதித்த பழத்தையும் காணோம், மிதிக்காத பழத்தையும் காணோம், அவருடைய இடது பக்கத்தில் வாழைப்பழமாகக் கிடந்தது. கத்திக்கொண்டிருந்த ஆள் கத்துவதை நிறுத்தினான். அவரையே பார்த்தான். அருகில் வந்து அவர் முழங்கையைப் பிடித்து, மெதுவாக வலது பக்கம் நகர்த்தி நிறுத்தினான். "விடுங்க அண்ணாச்சி. நான் எடுத்துக்கிடுதேன்" என்றான். குரல் முழுக்க மாறியிருந்தது. "எனக்கு ஒண்ணும் ஆகல. நீங்க வண்டியில ஏறுங்க." யாரோ ஒரு ஆள். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

ஏறி உட்கார்ந்த பிறகும் பியூலா வண்டியை எடுக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது, அதை அவரால் பார்க்க முடிந்தது, வலது பக்கத்தில் நடப்பதெல்லாம்தான் தெரிகிறதே. பிழைத்த உயிர்கள் என்று மனசு தனக்குத்தானே எண்ணிப் பார்த்தது, அந்த ஆள், பியூலா. அந்த ஆளாவது ஒதுங்கினான். அதுவே ஒரு பஸ்ஸாக இருந்திருந்தால்? பஸ்ஸை அவர் கேட்டிருப்பார். கேட்டிருப்பாரா? "நான் ஃப்ரீன்னு சொன்னேன்லா" என்றார், ஏன் அதைச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. "பிறகு எப்படி நிறுத்தின?"

"நீங்க சொன்னாலும் வண்டிய லேசா முன்னால நீட்டி நான் ஒருதடவ எட்டிப் பாத்துக்கிடுவேன்பா."

"எப்ப இருந்து?"

"நீங்க ஜெபத்துல கண்ணப் பொத்திப் பொத்தி மீட்டர் பெட்டியப் பாப்பீங்கல்லா, அதுல இருந்து."

"நீ அப்ப கண்ண மூடியிருப்பியே."

"மூடல" என்றாள். "ரொம்ப நாளா மூடல. உங்களப் பாத்துக்கிட்டுதான் ஜெபம் பண்ணுதேன்."

அவர் தன் மடியைப் பார்த்தார். ஒரு வாழைப்பழத் தோல் வேட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்துதான் எருமை சொன்னாளா, குடம் சொன்னாளா, கல் சொன்னாளா? ரூல் இல்லை என்று தெரிந்தே, தகப்பனுக்கு இடது பக்கத்தைத் தினமும் ஒரு படி, ஒரு படியாக அளந்து போட்டுக்கொண்டிருந்தாளா? அவர் அதை வாங்கிக்கொண்டு, சரி, பாத்துப் போ என்றாரா? "பின்ன இன்னைக்கு ஏன் சொல்ல மாட்டேன்ன?"

"நான் சொல்லாம இருந்தா நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்." அழக் கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை. "இன்னைக்கு எப்படியும் சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்ப்பா. மெயின் ரோட்டுலயாவது. எனக்கு அந்தப் பக்கம் தெரியலம்மா, நீ பாத்துக்கோன்னு சொல்லுவீங்கன்னு. ஆனா நீங்க ஃப்ரீன்னு சொல்லிட்டீங்களேப்பா."

ஃப்ரீன்னு சொல்லிட்டீங்களேப்பா. கிண்ணத்துக்குள் முகத்தை வைத்திருந்தபோது வந்த வெட்கம் எல்லாம் என்ன வெட்கம். அங்கே இல்லாத வெளிச்சத்துக்கு அமுக்கினார், போனது ஒரு தாள். இங்கே இருக்கிற ஆளை இல்லை என்று அமுக்கினார். பெற்ற பிள்ளையைக் காரோடு நடு ரோட்டில் தள்ளிவிடுவது சுலபமாக இருந்தது, எனக்குத் தெரியவில்லை என்ற ஒரு சொல்லைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. அவ்வளவுதான். சென்னை, நீலப் பெட்டி, வயலெட் எல்லாம் பிறகு வந்து உட்கார்ந்துகொண்ட காரணங்கள். வயலெட்டின் கை மாதிரியே இருக்கும் அந்தக் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தார். பிடிக்கவில்லை, அந்தக் கைக்கு இப்போது ஸ்டியரிங் வேண்டும். அவள் தாவணி இல்லாத காலத்துப் பிள்ளை, சட்டைக் கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள், சாவியைத் திருப்பினாள். திருச்செந்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனார்கள். எதிரே வந்த பஸ்கள் வலது பக்கமாகச் சத்தமிட்டுப் போயின. எம்மா, அப்பாவுக்கு. அதே இடத்தில்தான் இப்போதும் சிக்கியது. எல்லாம் தெரிந்துவிட்ட பிறகும் நாக்கு அதே முள்ளில் போய் மாட்டிக்கொள்கிறது. மனுஷனுடைய ரோஷம் மானங்கெட்டது, வீடு பற்றி எரிந்த பிறகும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும்.

வீட்டுக்குச் சுற்று வழியாகப் போகிற மண் ரோடு வந்தது. இடது பக்கம் திரும்ப வேண்டும். அவள் வேகத்தைக் குறைத்தாள், சிக்னல் போட்டாள், ரோட்டோரமாகச் சைக்கிள்கள் உள்ளே புகுந்து போகிற இடம் அது, கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். கிளட்சை மிதித்து வண்டியை நிறுத்தினாள். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"லெஃப்ட்?" என்று கேட்டாள்.

அவளே பார்த்துக்கொள்ளலாம். எட்டிப் பார்க்கிறவள்தானே. கேட்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தும் கேட்டுவிட்டு முன்னால் பார்த்தபடி காத்திருந்தாள். பின்னால் ஹாரன் இன்னொரு தடவை அடித்தது. அவள் அசையவில்லை. அவர் சொல்லும்வரை அந்த வண்டி அங்கேயேதான் நிற்கும்போல் இருந்தது.

"தெரியலம்மா" என்றார் ஞானதுரை. குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியாது. ஒண்ணுமே தெரியாது. பக்கத்துல உக்காரவும் கூடாது, இன்னையோட சரி. நீயே பாத்துக்கோம்மா."

அவள் சாய்ந்து, அவர் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். கன்னிப்போன தோளில் அவள் நாடி பட்டது, வலித்தது, அவர் அசையாமல் இருந்தார். நன்றாகப் பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.

"ஃப்ரீப்பா" என்றாள். வண்டி திரும்பியது. மண் ரோட்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும் அவள் மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள், மூக்கடைத்த குரலில், அவசரமில்லாமல். "முன்னால ஒண்ணும் இல்ல. இடது பக்கம் வயலு. தண்ணி நிக்கு. கொக்கு நிக்குப்பா. வெள்ளையா, நெறைய நிக்கு."